அம்மாவுக்குக் கிடைத்த அனிமட்வர்ஷன்

சின்னசேலத்து விவசாயக் குடும்பத்துப் பையனைக் கோயிலில் மாலை மாற்றிக் கல்யாணம் செய்துகொண்டவள் நான். தண்டனை வந்தது அம்மாவுக்கு. எங்கள் கிறிஸ்தவ சபை வழக்கம் அப்படி: பிள்ளை வெளியே மணம் முடித்தால் பெற்றவர்களுக்குத் திருவிருந்தை நிறுத்துவார்கள். மற்றவர்கள் எழுந்துபோய் அப்பமும் திராட்சை ரசமும் வாங்க, அவர்கள் மட்டும் பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். சோறில்லாமல்கூட அம்மா இருந்துவிடுவாள், அது இல்லாமல் இருக்கமாட்டாள்.

தியாகதுருகத்தில் சபைக் கமிட்டி கூடியது. அம்மாவை நடுவில் நிற்கவைத்திருந்தார்கள். நான் வாசலில் நின்றேன்.

“நிறுத்தினாத்தான் மத்தவங்களுக்கு பயம் வரும்” என்றார் ஒரு பெரியவர். எல்லாரும் தலையாட்டினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அப்போது கமிட்டிச் செயலாளர் எழுந்தார். ஓய்வுபெற்ற இங்கிலீஷ் வாத்தியார். “அதெல்லாம் கம்மிங்க. இந்தம்மா மேல அனிமட்வர்ஷன் போட்டுடலாம்.”

எங்கள் ஊரில் இங்கிலீஷ் வார்த்தை நீளமாக இருந்தால் வியாதியோ தண்டனையோ பெரிசு என்று அர்த்தம். “அவ்ளோ ஜாஸ்தியா வேணுங்களா? பாவம், வயசானவங்க” என்று அதே பெரியவர் இறங்கிவந்தார். போதகருக்கு அர்த்தம் தெரியுமோ என்னவோ, குனிந்து பைபிளைப் புரட்டிக்கொண்டிருந்தார். திருவிருந்தை நிறுத்துவதற்குப் பதில் அனிமட்வர்ஷன் என்று தீர்மானம் நிறைவேறியது. அம்மா தேம்பித் தேம்பி அழுதாள்.

திரும்பும்போது பஸ்ஸில் போனில் தேடினேன். கண்டனம், குறைகூறல், அவ்வளவுதான். லத்தீன் மூலத்தில், மனத்தை ஒன்றின் பக்கம் திருப்புவது. பேச்சில் அநேகமாக யாரும் பயன்படுத்துவதில்லையாம். ‘நீ செய்தது சரியில்லை’ என்று முறையாகச் சொல்லிவிட்டால் அனிமட்வர்ஷன் முடிந்தது. சிரிப்பை அடக்கமுடியாமல் அம்மாவிடம் சொன்னேன்.

“மெதுவா பேசுடி, முன்சீட்டுல நம்ம சபைக்காரங்க குந்திக்கினு இருக்காங்க” என்று தொடையில் கிள்ளினாள்.

அடுத்த ஞாயிறு அம்மா வரிசையில் போய் முழங்காலிட்டுத் திருவிருந்து வாங்கினாள்.

நன்றி சொல்ல வாத்தியார் வீட்டுக்குப் போனேன். “எங்களுக்காகப் பொய் சொல்லிட்டீங்களே சார்.”

“பொய் இன்னா சொன்னேன்? கண்டிக்கணும்னாங்க, கண்டிச்சாச்சு.” சிரித்தவர், பிறகு சிரிக்காமல் கேட்டார்: “உன்னாலதான் பந்தியில இடம் போச்சுன்னு ஞாயித்துக்கு ஞாயிறு நெனச்சிக்கினு உக்காந்திருந்தா, நாளைக்கு உங்கம்மா உன் வூட்டுப் படி ஏறுவாங்களாம்மா?”

அதை நான் யோசித்ததே இல்லை.

இன்று அம்மா என் வீட்டுக் கூடத்தில் என் மாமியாரோடு உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிறாள். சார், நீங்கள் நன்றாக இருக்க வேண்டும்.