கவனக்குறைவு அல்ல

இருபத்தாறு வருடங்களாக வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்த்து எழுதியவருக்குத் தெருக்களில் மீட்டர்காரர் என்றுதான் பெயர். குனிவார், இரும்பு மூடியைத் தூக்குவார், கண்ணாடியைக் கட்டைவிரலால் துடைப்பார், எண்ணை நோட்டில் ஏற்றிக்கொண்டு அடுத்த வாசலுக்குப் போய்விடுவார். எந்த நாய் குரைப்பதோடு சரி, எது கவ்வும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. கனமான மூடியை அவர் ஒரு கையால் தூக்குவதைப் பார்த்துவிட்டு அவர் மனைவியே ஒருநாள், "என்ன அலட்சியமா தூக்குறீங்க! பெரிய ஹீரோதான்" என்று சிரித்தாள். அலட்சியம் என்ற சொல் அப்போதெல்லாம் அவரிடம் பாராட்டாகத்தான் வந்தது.

மூன்றாவது தெருவின் கடைசி வீட்டில் ஓய்வுபெற்ற டிக்கெட் பரிசோதகர் ஒருவர் தனியாக இருந்தார். மூடிச் சத்தம் கேட்டதும் ஜன்னலுக்கு வந்து, "இந்த மாசம் எவ்வளவு குடிச்சிருக்கேன்?" என்பார். "யானை தோத்துது போங்க" என்பார் இவர். பதினோரு வருடப் பழக்கம் அவ்வளவுதான்.

ஒரு மாதம் ஜன்னலில் குரல் வரவில்லை. வாசல் விளக்கு பட்டப்பகலில் எரிந்துகொண்டிருந்தது. மீட்டர் ஒரே ஒரு யூனிட் நகர்ந்திருந்தது. எழுதிக்கொண்டு நடந்தார். அடுத்த மாதமும் விளக்கு எரிந்தது. மீட்டர் நகரவே இல்லை. 'ஓட்டம் இல்லை' என்று குறித்தார். பெரியவர் எங்காவது போயிருப்பார் என்று நினைத்தாரா என்றால், அதுவும் இல்லை. எதையுமே நினைக்கவில்லை. இன்னும் நாற்பது வீடு பாக்கி இருந்தது.

ஒன்பது நாள் கழித்து, வெளியூரிலிருந்து வந்த பெரியவரின் மகள் கதவை உடைக்கச் சொன்னாள். பெரியவர் குளியலறை வாசலில் கிடந்தார். இறந்து ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகியிருக்கும் என்றார் டாக்டர். பக்கத்து வீட்டுக்காரர்கள் எலி செத்த நாற்றம் என்று ஜன்னலைச் சாத்திக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

மீட்டர் ஓடாவிட்டால் கதவைத் தட்டி விசாரிக்க வேண்டும் என்று ஒரு விதி உண்டு. யாரும் தட்டுவதில்லை. ஆனாலும் மெமோ இவருக்குத்தான் வந்தது: 'கடமையில் அலட்சியம்.'

தலைமை எழுத்தர் அம்மாள் அவரைத் தனியே கூப்பிட்டாள். "விளக்கக் கடிதத்துல அலட்சியம்னு மட்டும் ஒத்துக்காதீங்கண்ணே. கவனக்குறைவுன்னு எழுதுங்க. அது தும்மல் மாதிரி, யாருக்கும் வரும். எச்சரிக்கையோட விட்டுடுவாங்க."

"ரெண்டும் ஒண்ணுதானேம்மா?"

"எப்படி ஒண்ணாகும்? கவனக்குறைவுன்னா கண்ணுல படல. அலட்சியம்னா பட்டுது, ஆனா ஒரு பொருட்டா எடுத்துக்கல."

அவர் தலையாட்டினார். அவள் நீட்டிய வெள்ளைத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் பெரியவரின் மகள் அலுவலகத்துக்கு வந்தாள். சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்து எல்லோரும் ஃபைலுக்குள் தலையை விட்டுக்கொண்டார்கள். அவள் நேராக இவர் மேஜைக்கு வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா எந்தத் தேதியில போனார்னு தெரியல. தண்ணி எதுவரைக்கும் ஓடிச்சுன்னு உங்க நோட்டுல இருக்குமாமே?"

நோட்டைத் திருப்பிக் காட்டினார். "அஞ்சாம் தேதி நான் வந்தப்போ பேசினார். அதுக்கப்புறம் ஒரு யூனிட்தான் ஓடியிருக்கு. தனி ஆளுக்கு அது ஒரு பத்து நாளைக்கு வரும்."

"அப்போ பதினஞ்சு வாக்குல."

"அப்படித்தான் இருக்கும்."

அவள் விரல் அந்த எண்ணின் மேலேயே இருந்தது. "பதிமூணாம் தேதி போன் பண்ணியிருந்தார். நான் எடுக்கல. வேலையெல்லாம் ஒண்ணுமில்ல. கோபமும் இல்ல. சும்மாதான், அப்புறம் பேசிக்கலாம்னு. அந்த அப்புறம் வரவே இல்ல." பிறகு, "ஓட்டம் நின்னதை நீங்க பார்த்தீங்களா?" என்றாள்.

"பார்த்தேங்க. பகல்ல லைட் எரிஞ்சுது. அதையும் பார்த்தேன்."

அவள் திட்டவில்லை. தேதியை ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.

வீட்டில் இதைச் சொன்னபோது அவர் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். "அழணும்னா அழுதுடுங்களேன்" என்றாள்.

"வந்தா அழமாட்டேனா?"

சாப்பிட்டுக் கைகழுவிவிட்டு, சட்டைப்பையில் இருந்த வெள்ளைத் தாளை விரித்தார். நான்கே வரி எழுதினார். வீட்டைப் பார்த்தேன், விளக்கைப் பார்த்தேன், தட்டவில்லை. இது கவனக்குறைவு அல்ல, அலட்சியம். கையெழுத்துப் போட்டார். மடித்து மறுபடி சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

எழுத்தர் அம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். விசாரணை அதிகாரி கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு, "உங்க தலையில நீங்களே மண்ணை அள்ளிப் போட்டுக்கிட்டீங்களே" என்றார். ஒரு வருட ஊதிய உயர்வு நின்றது. ஊரின் மறுகோடியில் உள்ள தெருக்களுக்கு மாற்றினார்கள். பெரியவருடைய மகளை அவர் மறுபடி பார்க்கவில்லை.

இப்போது மீட்டர் நகராத வீடுகளில் கதவைத் தட்டுகிறார். போன வாரம் ஒரு பெண் கையில் சோப்பு நுரையோடு வந்து திறந்தாள்.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல. தண்ணி ஓடல, அதான் ஆள் இருக்காங்களான்னு..."

"ஊருக்குப் போயிருந்தோம். இதுக்கா இப்படித் தட்டுறீங்க?" கதவு சாத்திக்கொண்டது.

ஒரு நிம்மதி வரும் என்று எதிர்பார்த்தார். வரவில்லை. வருத்தமும் வரவில்லை. எண்ணைக் குறித்துக்கொண்டு, வெயில் ஏறுவதற்குள் இந்த வரிசையை முடித்துவிடலாம் என்று அடுத்த கேட்டைத் திறந்தார்.