பெரியப்பாவின் குதிகால்

உங்கள் பெரியப்பாவை, என் அண்ணனை, நீங்கள் படத்தில்தான் பார்த்திருக்கிறீர்கள். இராஜபாளையத்தில் நூல் மில்லில் வேலை பார்த்தார். ஒல்லியான ஆள். குதிகாலுக்கு மேலே நரம்பு மட்டும் பெருவிரல் தடிமனுக்குப் புடைத்திருக்கும். முழங்கையிலும் கட்டி.

"ஏலே, கால்ல கெழங்கு வெளஞ்சிருக்கு. எப்பம்லே தோண்டப் போற?" என்று கூட வேலை பார்ப்பவர்கள் கேலி செய்வார்கள்.

"பொங்கலுக்குத் தோண்டுவோம். ஒனக்கும் ஒரு துண்டு உண்டு" என்பார்.

ஷிப்டு முழுக்க நின்றால் யாருக்கும் அப்படித்தான் ஆகும் என்று நினைத்தோம். எங்கள் அப்பாவுக்கும் இருந்தது, அவரும் மில்காரர்தான்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அய்யனார் கோவில் அருவிக்குப் போனோம். ஏறும்போது அண்ணன் ஒரு பாறையில் உட்கார்ந்தார். "செத்த நேரம் இருந்துட்டு வாரேன், நீ போ."

நான் குளித்துவிட்டுத் திரும்பினேன். அதே பாறையில் சாய்ந்திருந்தார். உடம்பு ஆறியிருந்தது. அண்ணனுக்கு அப்போது நாற்பதுதான். எங்கள் அப்பாவும் ஏறக்குறைய அந்த வயதில்தான் போனார்.

அதிலிருந்து பஸ்ஸில், கடையில் யாரைக் கண்டாலும் என் கண் முதலில் குதிகாலுக்குத்தான் போகும். உங்களைக் குளிப்பாட்டும்போதும் அங்கேதான் தடவிப் பார்ப்பேன்.

தொண்ணூறுகளில் எனக்கே நெஞ்சு வலித்து மதுரைக்குப் போனபோதுதான் டாக்டர் விவரம் சொன்னார். ஈரலின் செல்களில் ஏற்பிகள் என்று உண்டாம். இரத்தத்தில் ஓடும் கொழுப்பைப் பிடித்து உள்ளே இழுப்பது அவற்றின் வேலை. அந்த ஏற்பிக்கான மரபணு நம் குடும்பத்தில் மாறிப்போயிருக்கிறது. பாதி ஏற்பிகள் வேலை செய்வதில்லை. கொழுப்பு, நாம் நரம்பு என்று சொல்லும் தசைநாணிலும் இதயக் குழாயிலும் படிந்துவிடுகிறது. தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் அந்த மரபணு வந்தால் பிள்ளைக்குச் சின்ன வயதிலேயே ஆபத்து.

எனக்கு உண்டு. உங்களில் இளையவளுக்கும் உண்டு. அதனால்தான் சின்னவளே, உனக்கு மட்டும் மாத்திரை.

அந்தச் சமயத்தில்தான் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து உங்கள் அத்தை வந்தாள். "படிப்பு முடியட்டும். பொறவு சின்னவ எம்மகனுக்குத்தானே?"

அவள் மகன் முழங்கையில் அந்தக் கட்டியைப் பார்த்திருக்கிறேன். கல்யாணப் பேச்சு வேண்டாம், முதலில் அவனுக்கு இரத்தம் பார் என்றேன்.

"பொண்ணு தர மனசில்லன்னா நேரா சொல்லுங்க. எம்புள்ளைய நோயாளி ஆக்காதீய!"

விறுவிறுவென்று எழுந்தவள் வாசலில் நின்றுவிட்டாள். குரல் இறங்கிப்போனது. "அண்ணே, அவனும் பெரியண்ணன் மாதிரி போயிருவானா?"

"நாளைக்கே கூட்டிட்டு வா. மதுரைக்கு நானும் வாரேன்."

இன்றுவரை கூட்டி வரவில்லை. பஸ் ஸ்டாண்டில் பார்த்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். நான் என்ன சொன்னாலும் பெண் தராதவன் பேச்சுதான் அவளுக்கு. நீங்கள் இருவரும் போய், அவனுக்கு இரத்தம் பார்க்கச் சொல்லுங்கள். உங்களை வையமாட்டாள்.