மேகம் பார்த்து நின்ற மாமா

ஆட்களை மலைக்குக் கூட்டிப்போகும் தொழிலில் ஏறுகிற நாட்கள் ஒரு பொருட்டே இல்லை. திரும்பி வருகிற நாட்களில்தான் சீவன் போகும். என்னைப் போலவே நாலு பேரைக் கூட்டிப்போய்ப் பிழைப்பவர்களே, கோயில் யாத்திரைக்கு பஸ் பிடிப்பவர்களே, உங்களுக்கு இது விளங்கும்.

முகத்தால் வந்த வேலை

இரண்டாயிரத்துக்குப் பிந்திய வருசங்கள். ஒஸ்லோவில் ஒரு பயண முகவர் கடையில் டிக்கெட் போட்டுக்கொண்டிருந்தேன். ஒருநாள் முதலாளி என் முகத்தை உற்றுப் பார்த்தார், என் நிறத்துக்கு மலைநாடு சரிவரும் என்று பட்டதோ என்னவோ. நேபாளம் போகும் குழுவுக்கு நான்தான் தலைவன் என்று முடிவாயிற்று. நான் யாழ்ப்பாணத்தான். எங்கள் பக்கம் கீரிமலை என்று ஓர் இடம் உண்டு, அங்கே கேணி இருக்கிறது, மலை கிடையாது. இதைச் சொல்லியும் பார்த்தேன், அவர் கேட்கவில்லை. பாதை தெரிந்த நேபாளத்தவர் முன்னால் போவார், பின்னால் நின்று நோர்வேக்காரரைச் சமாளிப்பது என் பாடு.

அந்த இலையுதிர்காலப் பயணத்தில் ஒரு சிக்கல். ஒஸ்லோவின் மோர்டென்ஸ்ருட் பகுதியில் இருக்கும் என் தங்கச்சி வதனியின் மகள் பெரியபிள்ளையானதற்குச் சாமத்தியச் சடங்கு. நாங்கள் திரும்பி வரவேண்டிய நாளுக்கு அடுத்த நாளே, நகரின் இன்னொரு பக்கமான ஸ்டோவ்னரில் மண்டபம். தாய்மாமன் தலையில் பால் அறுகு வைத்துத் தண்ணீர் வார்க்க வேண்டும். வதனிக்கு நான் ஒருத்தன்தான் அண்ணன். புறப்படும்போது வாசலில் நின்று சொன்னாள்: "அண்ணை, நீங்கள் எந்த மலையிலையும் ஏறுங்கோ. சனிக்கிழமை நீங்கள் இல்லாட்டி நான் சபையிலை முகம் காட்டேலாது."

உள்ளிச் சூப்

போன காரியம் முடிந்து இறங்கத் தொடங்கிய முதல் நாள். குழுவில் பெரித் என்ற ஓய்வுபெற்ற ஆசிரியை இருந்தார். இறங்கும்போது மூட்டையில் மிஞ்சியதைச் சாப்பிட்டு முடிப்பது நல்லது என்று, தேநீர் விடுதி மேசையிலேயே காய்ந்த ரொட்டியையும் மண்ணிறச் சீஸையும் பரப்பினார். நோர்வேக்காரர் எங்கே போனாலும் கட்டுச்சோறு கொண்டுபோவார்கள், பிறருக்குச் சிரமம் கொடுக்கக் கூடாது என்பது அவர்கள் மரியாதை. அந்த மலை விடுதிகளிலோ படுக்கைக் கூலி பேருக்குத்தான், இரவுக்கும் காலைக்கும் அங்கேயே சாப்பிடுவதுதான் மரியாதை. விடுதிக்கார அம்மாவின் முகம் சுருங்கிப்போயிற்று. இரண்டு பேர் செய்வதும் எனக்குச் சரியாகத்தான் பட்டது, எங்கள் வீடுகளிலும் வந்தவர் கைநனைக்காமல் போனால் கோபம்தானே. ஆனால் யாருக்கு எதை விளக்குவது?

நான் வாயைத் திறப்பதற்குள் அந்த அம்மா தானாகவே ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்: விருந்தாளிக்கு உடம்பு சரியில்லை. மலைச் சுகவீனத்துக்குக் கொடுக்கும் உள்ளிப்பூண்டுச் சூப்பைக் கோப்பை நிறையக் கொண்டுவந்து, பெரித் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார். வேர்க்க வேர்க்கக் குடித்த பெரித் என்னிடம் கேட்டார்: "எவ்வளவு அன்பான மனுசி! ஆனால் நான் சாப்பாடு கொண்டுவந்ததை அவர் பார்க்கவில்லையா?"

இறக்கத்தில் ஏற்றம்

விமானம் ஏறும் லுக்லாவுக்குப் போகும் கடைசிப் பாதை இறக்கமாக இருக்காது, ஏறவேண்டும். ஒட்வார் என்ற பொறியியலாளர் நடுப்பாதையில் கல்லொன்றில் குந்திவிட்டார். பயணம் முழுக்க முணுமுணுக்காமல் ஏறிய மனிதர். பாதையை நான் மாற்றிவிட்டேனோ என்பதுபோல என்னைப் பார்த்தார். எனக்கே அந்தச் சந்தேகம் வந்தது. அவர் சொன்னார்: "வீட்டுக்குப் போகிற வழியில் ஏற்றம் வைப்பது முறையில்லை."

லுக்லா வானம்

மலைச்சரிவில் ஒட்டிவைத்த சின்ன விமானத்தளம் அது. மேகம் வந்தால் விமானம் வராது. மேகம் வந்தது. நோர்வேக்காரருக்கு ஒரு கவலையும் இல்லை. பெரித் பின்னலை எடுத்தார், ஒட்வார் சீட்டுக்கட்டை எடுத்தார். நான்தான் மழைக்குக் காத்திருக்கும் கமக்காரனைப் போல வெளியே நின்று வானம் பார்த்தேன். விமானம் வரும் என்றார் ஒருவர், வராது என்றார் இன்னொருவர், வந்து போய்விட்டது என்றார் மூன்றாமவர்.

தொலைபேசிக் கடைக்கு ஓடி வதனிக்கு விசயத்தைச் சொன்னேன். அவள் அழுகிற குரலில் கேட்டாள்: "மேகமோ? என்ன கதை கதைக்கிறியள் அண்ணை, இஞ்சை நல்ல வெயிலெல்லோ எறிக்குது!"

நோர்வேக்காரர் கூடி எடுத்த முடிவு

மறுநாள் காலை வானம் கொஞ்சம் விட்டது. ஒரு சின்ன விமானம் வந்தது, ஆனால் எல்லோருக்கும் இடமில்லை. தலைவன் கடைசியாகப் போவதுதான் தொழில் முறை. பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்த என் முகத்தைப் பார்த்து, என்ன நடந்தது என்று பெரித் கேட்டார். எப்படிச் சொல்வது? மருமகள் பெரியபிள்ளையாகிவிட்டாள், மண்டபம் எடுத்து ஊரைக் கூட்டியிருக்கிறோம், நான் போய் அவள் தலையில் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்றேன். குழு என்னை வெறித்துப் பார்த்தது.

ஒட்வாருக்குத்தான் முதலில் பிடிபட்டது. "அட, கொன்ஃபிர்மாஷூன்!" என்றார். பிள்ளை வளர்ந்துவிட்டதைச் சொந்தபந்தத்தைக் கூட்டிக் கொண்டாடும் அவர்கள் சடங்கு அது. அதற்கு மாமன் போகாமல் இருக்கலாமா? கை உயர்த்தி வாக்கெடுத்தார்கள். நான் முதல் விமானத்தில், மிஞ்சியவர்களுக்கு ஒட்வார் பொறுப்பு. கண் கலங்கிவிட்டது எனக்கு. வாசல்வரை கூட வந்த பெரித் மட்டும் மெல்லக் கேட்டார்: "ஊரையெல்லாம் கூப்பிட்டீர்கள், சரி. அந்தப் பிள்ளையிடம் யாராவது கேட்டீர்களா?"

பால் அறுகு

ஒஸ்லோ விமான நிலையத்திலிருந்து நேரே ஸ்டோவ்னர் மண்டபம். தோலுரிந்த மூக்கோடும் தாடியோடும் நுழைந்த என்னைக் கண்டு, வதனி சபையென்றும் பாராமல் அழுதாள். யாரோ வேட்டி உடுத்திவிட்டார்கள். மருமகள் வெற்றிலையைப் பிடித்தபடி பலகையில் நின்றாள். வீடியோக்காரர் இந்தப் பக்கம் திரும்பு, அந்தப் பக்கம் திரும்பு என்று என்னை ஆட்டிவைத்தார். பெரித்தின் கேள்வி மண்டைக்குள் குடைந்துகொண்டிருந்தது. அறுகை அவள் தலையில் வைக்கக் குனிந்தபோது மெல்லக் கேட்டேன்: "பிள்ளை, உமக்கு இது விருப்பம்தானே?"

வீடியோவுக்குச் சிரித்த முகத்தை மாற்றாமலே அவள் சொன்னாள்: "அம்மா மேகம் எண்டு சொல்லேக்கை இந்தச் சடங்கு ஃபெஸ்டை நிப்பாட்டுவினம் எண்டு எனக்கு நல்ல சந்தோசம், மாமா. சரி, வந்திட்டியள்தானே, கெதியா ஊத்துங்கோ, குளிருது."

மலையில் வழி தெரியாவிட்டால் நின்று யாரையாவது கேட்கலாம். மண்டபத்தில் தெரியாவிட்டால் குடத்தைக் கவிழ்த்துவிட்டுப் பந்திக்குப் போவதைத் தவிர வேறு வழி எனக்கு இன்றுவரை அகப்படவில்லை.