குளிக்கத் தடை உள்ள நாட்களில்

ஐந்தருவியில் தண்ணீர் கூடிவிட்டது, குளிக்கத் தடை என்று மைக்கில் சொல்லிவிட்டால் போதும், குற்றாலமே முகத்தைத் தொங்கப் போட்டுக்கொள்ளும். வேன் பிடித்து வந்த கூட்டம் தலையில் தேய்த்த எண்ணெயோடு திருதிருவென்று நிற்கும். சிப்ஸ் கடைக்காரர் அடுப்பைத் தணித்துவிடுவார். அந்த நேரத்தில் உள்ளுக்குள் சந்தோஷப்படுகிற ஒரே ஜீவன், பெண்கள் பக்கத்தில் விசிலோடு நிற்கும் காவலர் இசக்கிச்செல்விதான். குறுக்கே கயிற்றைக் கட்டிவிட்டு, எதிரே ஜாஹிரா பீவியின் பழக்கடைக்குப் போய் பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துப் போடுவாள். பைக்குள்ளிருந்து தடித்த ஆங்கிலப் புத்தகம் ஒன்று வெளியே வரும். அது கைரேகைகளைப் பற்றிய புத்தகம்.

செல்விக்குச் சொந்த ஊர் ஆலங்குளம். அப்பா போலீஸ், சித்தப்பா போலீஸ், கணவன் வேல்ராஜ் ராணுவம். அந்த வீட்டுக் கொடியில் காக்கியோ பச்சையோ காயாத நாளே கிடையாது. அதனால் அவளும் காக்கிக்கு வந்தாள். நாங்கள் யாரும் ஆச்சரியப்படவில்லை, அவளும் ஆச்சரியப்படவில்லை. திருவிழா, ஊர்வலம், சாரல் சீசன் என்று எங்கே கூட்டமோ அங்கே செல்வி. "யம்மா, அங்கன நிக்காதீய, பாசி வழுக்கும்!" என்று கத்திக் கத்தியே தொண்டை கட்டிப்போனது.

ஒருமுறை சுந்தரபாண்டியபுரத்தில் ஒரு வீட்டில் திருட்டு. கைரேகைப் பிரிவிலிருந்து ஓர் அம்மாள் வந்து பித்தளைக் குடத்தில் கறுப்புப் பொடியைத் தூவி மெல்லத் தட்டினார். செல்விதான் டார்ச் பிடித்துக்கொண்டிருந்தாள். ஒன்றுமே இல்லாத இடத்தில் ஒரு கட்டைவிரல் தெரிந்தது. கத்தாமல், விசில் அடிக்காமல், ஒரு ஆள் சத்தமில்லாமல் பிடிபட்டான். இதுதான் எனக்கு வேண்டிய வேலை என்று செல்விக்கு அன்றைக்கே பித்துப் பிடித்துவிட்டது.

பித்துப் பிடித்தால் மட்டும் போதுமா? அந்தப் பிரிவின் பயிற்சிக்குப் போக ஒரு தேர்வு உண்டு. அதில் ஆங்கிலத்தில் பெரிய பத்தியாகக் கொடுத்து, அதன் சாரத்தைச் சொந்த ஆங்கிலத்தில் எழுதச் சொல்வார்கள். செல்வி பன்னிரண்டாவது வரைக்கும் தமிழ்வழி. ஆங்கிலத்தில் வாசிக்கத் தெரியும். வாசித்தது என்ன என்றுதான் தெரியாது.

முதல் தடவை வேல்ராஜ்தான் தயார் செய்தான். எல்லையிலிருந்து சாயங்காலம் போன் போடுவான். சாப்பிட்டியா, பிள்ளை எப்படி இருக்கான் என்பதெல்லாம் அப்புறம். முதலில் பத்து வார்த்தை.

"எவிடென்ஸ்?"

"சாட்சியம்."

"ஐடென்டிகல்?"

"ஒரே மாதிரியா இருக்கது. ஏங்க, பயலுக்குக் காய்ச்சல்..."

"இன்னும் எட்டு இருக்குட்டி, அத மொதல்ல சொல்லு."

இப்படி ஆயிரத்துக்கு மேல் வார்த்தை மனப்பாடம். தேர்வில் பத்தியைப் பார்த்தாள். தெரிந்த முகமாகத்தான் இருந்தது. ஆனால் கல்யாண வீட்டில் எல்லோரையும் பார்த்த ஞாபகம் இருந்தும், யார் யாருக்கு என்ன முறை என்று தெரியாமல் நிற்போமே, அந்த நிலைமை. எவனுக்கோ வாழ்த்துச் சொல்லி எவனிடமோ துக்கம் விசாரித்து வந்தாள். தோற்றுப்போனாள். மறுபடி எழுத வயது வரம்பு ஒரே ஒரு வாய்ப்புதான் விட்டிருந்தது. அதிலும் போனால் ஓய்வு பெறுகிற வரைக்கும் விசில்தான்.

ஜாஹிரா பீவி இந்தப் படிப்புக்குள் வந்தது அப்போதுதான். தென்காசிக்காரர், மங்குஸ்தானும் ரம்புட்டானும் விற்பவர், ஆங்கிலத்தில் 'ஓகே'யும் 'சாரி'யும் தெரிந்தவர். குளிக்கத் தடை என்றால் அவருக்கு ஈ ஓட்டுகிற வேலை. எதிரே ஒருத்தி முணுமுணுத்துக்கொண்டு இருந்தால் சும்மா இருப்பாரா?

"ஏட்டி, வாய்க்குள்ளயே என்ன மென்னுக்கிட்டு இருக்க? என்ன போட்டிருக்குன்னு எனக்கும் சொல்லேன், பொழுது போகும்."

செல்வி ஒரு பத்தியை வாசித்து வார்த்தை வார்த்தையாகத் தமிழில் சொன்னாள். ஜாஹிரா பீவிக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"இரு இரு. இப்பப் பேசுனவன் யாரு? மொதல்ல பேசுனவனுக்கு இவன் வேண்டியவனா, வேண்டாதவனா?"

நம் ஊரில் யாரைப் பார்த்தாலும் முதலில் கேட்கிற கேள்வி அதுதான். நீ யார் வீட்டுப் பிள்ளை, அவன் உனக்கு என்ன வேணும்? அதைத் தெரிந்துகொள்ளாமல் ஒரு வாய் தண்ணீர் கூடக் கொடுக்க மாட்டோம். ஆனால் புத்தகத்தின் வாக்கியத்திடம் அதைக் கேட்கலாம் என்று செல்விக்குத் தோன்றியதே இல்லை. பத்தியை மறுபடி பார்த்தாள். இரண்டாவது வாக்கியத்தின் தலையில் 'ஹவ்எவர்' என்று ஒன்று உட்கார்ந்திருந்தது. ஆனாலும் என்று அர்த்தம், மனப்பாடம்தான். ஆனால் அவன் என்ன வேலை செய்கிறான் என்று இப்போதுதான் பிடிபட்டது.

"வேண்டாதவன்க்கா. மொதல் ஆளு சொன்னதுக்கு எசலுக்கு வாரான்."

"அப்படிச் சொல்லு. கல்யாண வீட்டுல சோத்த நல்லாத் தின்னுட்டு, ஆனா சாம்பார்ல உப்புக் கொறைவும்பாரே ஒரு மாமன், அவன்."

அன்றிலிருந்து 'ஹவ்எவர்' மாமன் ஆனான். 'மோர்ஓவர்' பக்கத்தில் நின்று ஆமாம் போடுகிற மச்சான். 'ஃபார் எக்ஸாம்பிள்' சாட்சி. 'தேர்ஃபோர்' துண்டை உதறித் தோளில் போட்டுத் தீர்ப்புச் சொல்கிற பெரிய மனுஷன். தெரியாத வார்த்தை வந்தால் செல்வி உடனே அகராதியைத் தேடுவதில்லை. புது ஆள், இவன் யாரோடு வந்திருக்கிறான் என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். மீதியை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம். ஜாஹிரா பீவிக்குப் புரிகிற வரைக்கும் திருப்பிச் சொல்லுவாள், பிறகு அதையே சின்னச் சின்ன ஆங்கில வாக்கியமாகச் சொல்லிப் பார்ப்பாள். அவருக்குப் புரியவில்லை என்றால் தனக்கும் புரியவில்லை என்று அர்த்தம். வேறு பரீட்சையே தேவைப்படவில்லை.

இதெல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது வானம் காலை வாரிவிட்டது. தேர்வு நெருங்குகிற நேரம் பார்த்து சாரல் அளவாக விழுந்தது. வெள்ளமும் இல்லை, வறட்சியும் இல்லை. அருவி ஐந்து பிரிவாக அழகாகக் கொட்டியது. கூட்டமான கூட்டம். செல்விக்கு உட்கார நேரம் இல்லை, ஜாஹிரா பீவிக்கு மூச்சுவிட நேரம் இல்லை. 'ஒரே ஒரு நாள் வெள்ளம் வரட்டுமே' என்று செல்வி நினைத்துவிட்டு, இத்தனை பேர் பிழைப்பில் மண் விழ நினைத்தோமே என்று தன்னையே வைதுகொண்டாள். டீ குடிக்க விட்ட நேரத்தில் கடை ஓரமாக நின்றவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"இந்தத் தடவையும் போச்சுக்கா."

"எதுக்கு ஒப்பாரி வைக்க? பழம் உரிக்கது கைதான, காது சும்மாதான கெடக்கு. நின்னுக்கிட்டே சொல்லு."

செல்வி நின்றுகொண்டே சொன்னாள். இரட்டைப் பிள்ளைகளுக்கு முகம் ஒன்றாக இருக்கலாம், ரேகை ஒன்றாக இருக்காது என்கிற பாடம். பழம் வாங்க வந்தவர்கள் வாங்கிய பிறகும் நகரவில்லை. அருவியில் ஊறிச் சுருங்கிப்போன விரல்களை ஆளாளுக்குத் தூக்கிப் பார்த்துக்கொண்டார்கள். ஒரு விருதுநகர் அம்மாள் புருஷனின் கட்டைவிரலை இழுத்துத் தன்னுடையதோடு வைத்துப் பார்த்தாள். கேட்டுக்கொண்டே இன்னும் கொஞ்சம் பழம் வாங்கினார்கள். ஜாஹிரா பீவி அதற்குப் பிறகு டீ நேரத்தில் செல்வியைக் காணோம் என்றால் தானே ஆள் அனுப்பித் தேடினார்.

தேர்வுக்கு முந்தின நாள் ஒன்பதாம் பாடம். ஒரு வழக்கில் கிடைத்த இரண்டு ரேகைகள் ஒரே ஆளுடையதா இல்லையா என்று ஆசிரியர் இரண்டு பக்கமும் வாதம் வைத்துக்கொண்டே போனார். ஜாஹிரா பீவி உரித்த பழத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டார். அதற்குள் அருவிப் பக்கம் யாரோ வழுக்கி விழுந்த கூச்சல். செல்வி புத்தகத்தை மூடிவிட்டு ஓடினாள்.

மறுநாள் திருநெல்வேலியில் வினாத்தாளைத் திறந்தாள். பத்தி பனிப்பாறைகளைப் பற்றி. ரேகையும் இல்லை, சாட்சியமும் இல்லை, மனப்பாடம் செய்த ஆயிரத்தில் பாதிக்கு மேல் ஊரிலேயே இல்லை. ஐந்தருவியில் நிற்கிறவளிடம் பனியைப் பற்றிக் கேட்டால் அவள் எங்கே போவாள்? பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். வீட்டுக்குப் போய்விடலாமா என்றுகூட நினைத்தாள். அப்போதுதான் ஜாஹிரா பீவி கேட்பது காதில் விழுந்தது. இவன் யாரு? இவனுக்கு அவன் வேண்டியவனா?

முதல் வாக்கியத்திலிருந்து தேடினாள். ஒருவன் பேசுகிறான். பக்கத்தில் மச்சான் நிற்கிறான். சாட்சி வருகிறது. நடுவில் ஒரு வாக்கியத்தின் தலையில், சோற்றை நன்றாகத் தின்றுவிட்டு, மாமன் எழுந்து நின்றான். செல்விக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பனிப்பாறை என்ன, பாற்கடலாகவே இருக்கட்டும், இது நமக்குத் தெரிந்த பஞ்சாயத்துதான். கடைக்கு எதிரே நின்று சொல்வதுபோல் சின்னச் சின்ன வாக்கியமாக எழுதி முடித்தாள்.

தேர்வு முடிந்த கையோடு அவளை வேறு ஊர்த் திருவிழாக் காவலுக்கு அனுப்பிவிட்டார்கள், ஐந்தருவிப் பக்கமே வர முடியவில்லை. முடிவு வந்தது, தேர்ச்சி பெற்றாள். போனில் வேல்ராஜ் அன்றைக்கு ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. "சாப்பிட்டியாட்டி?" என்றுதான் முதலில் கேட்டான். சென்னையில் பயிற்சி. கிளம்புகிற அவசரத்தில் ஜாஹிரா பீவியிடம் சொல்லிக்கொண்டு வந்ததே பஸ் நிற்கிற நேரத்துக்குள்தான். மடி நிறைய மங்குஸ்தானோடு பஸ் ஏறினாள்.

ஐப்பசியில் ஒருநாள் வகுப்பு முடிந்து வெளியே வந்தபோது போன் அடித்தது. பின்னாலிருந்து பெரிய இரைச்சல். அது என்ன சத்தம் என்று செல்விக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

"அஞ்சும் ஒண்ணாயிட்டுட்டி. குளிக்கத் தடை. கடையில ஒரு ஆளு இல்ல."

"அய்யோ, யாவாரம் போச்சாக்கா?"

"அது கெடக்கட்டும். அந்த ஒம்பதாம் பாடத்துல ரெண்டு ரேகையும் ஒரே ஆளோடதா இல்லியான்னு சொல்லாமலே போயிட்டியே. ரெண்டு மாசமா மண்டைய ஒடைச்சுக்கிட்டு இருக்கேன்."

செல்வி அங்கேயே மரத்தடியில் உட்கார்ந்தாள். புத்தகத்தை எடுத்துப் பக்கத்தைத் தேடினாள்.

"கேளுங்கக்கா. ரெண்டும் ஒரே ஆளோடதுதான்னு மொதல்ல அடிச்சுச் சொல்லுதாரு. சுழி ஒண்ணா இருக்கு, கோடு ஒண்ணா இருக்குன்னு சாட்சியெல்லாம் வரிசையா நிறுத்துதாரு..."

"இரு," என்றார் ஜாஹிரா பீவி. "இன்னும் மாமன் வரலியே."