பெரியப்பா மீசையில் ஒரு கை

போன வாரம் அக்கா மகன் தன் குழந்தையின் ஞானஸ்நான விருந்தில் கைபேசியை என்னிடம் நீட்டி, "மாமா, ஆட்டாம எடுங்க. பாப்பாவ மட்டும் எடுங்க, கூட்டம் வேணாம்" என்றான். எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. இவனுடைய ஞானஸ்நானத்தை வீடியோ எடுத்தவனே நான்தான். எடுத்த லட்சணத்தைச் சொல்கிறேன், கேளுங்கள்.

அப்போது மச்சான் குவைத்தில் இருந்தார். மகன் பிறந்து தவழவும் ஆரம்பித்துவிட்டான், அவர் இன்னும் முகம் பார்க்கவில்லை. லீவு கிடைக்காததால், ஊருக்கு வந்த நண்பரிடம் ஒரு வீடியோ கேமராவைக் கொடுத்தனுப்பினார். புது ரப்பரும் பிளாஸ்டிக்கும் கலந்த அந்த வாசனைக்கே எனக்குத் தலைகால் புரியவில்லை. நீடாமங்கலத்தில் எங்கள் தெருவில் நான் படமெடுக்காத ஆடு கிடையாது. கொக்கு பறந்தால் பின்னாலேயே ஓடினேன். போட்டுப் பார்த்தால் கொக்கைக் காணோம், நடவு வயல்தான் ஆட்டம் போட்டது. மூச்சை அடக்கினால் படம் ஆடாது என்று நானாகக் கண்டுபிடித்தேன். அன்றோடு என் நடையே மாறிவிட்டது.

கோயிலில் தண்ணீர் ஊற்றும் நேரத்தில் பிள்ளையை ஏந்தி நின்ற ஞானத்தகப்பனின் முதுகுதான் கிடைத்தது. போகட்டும், விருந்துப் பந்தலில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். எங்கள் பக்கத்து விசேஷ வீடியோவில் ஒரு முகம் விட்டுப்போனாலும் ஜென்மப் பகை. அதனால் உட்கார்ந்திருந்த வரிசைப்படி ஒவ்வொரு முகத்தையும் கிட்டத்தில் இழுத்து எடுத்தேன். எல்லாரும் போட்டோவுக்கு உட்கார்வது போல விறைத்தார்கள்.

"அசையலாம் பெரியப்பா, இது வீடியோ."

"அசைஞ்சா மங்கலா விழும்டா, நீ எடு."

பிள்ளை மடி மடியாகப் போய்க்கொண்டிருந்தான். அவனைக் கடைசியில், புதுச்சட்டையில், ஆற அமர எடுப்பதாக என் திட்டம். அக்கா அவனுக்குப் பவுடர் போட்டுத் தூக்கி வந்தபோது பேட்டரி தீர்ந்தது. கரண்டும் இல்லை. கேசட்டை வாங்கிப் போக அந்த நண்பர் ரயிலுக்குக் கிளம்பி நிற்கிறார்.

"ஊரையெல்லாம் எடுத்தியே, அவரு புள்ளைய எடுத்தியாடா?" என்று அக்கா அழுதாள். எனக்கும் அழுகை வந்துவிட்டது. வேறு வழியில்லாமல் கேசட்டைக் கொடுத்தனுப்பினோம்.

மறு வாரம் மச்சான் போன் செய்தார். "மாப்ள, பெரியப்பா மீசைய இழுக்குறது யாரு?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"சித்தி காதுத் தோட்டப் புடிச்சுத் தொங்குறது யாருடா?"

நான் இழுத்து எடுத்த முகங்களுக்குக் கீழே, படத்தின் ஓரத்தில், எங்கு பார்த்தாலும் அந்தக் குட்டிக் கைதானாம்! மீசையை இழுத்த இழுப்பில் பெரியப்பாவுக்குக் கண்ணில் நீர் வழிந்தும் மனிதர் அசையவே இல்லையாம். "எம் புள்ள கை எனக்குத் தெரியாதா? அச்சு அசலா என் வெரலுடா" என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே தேம்பினார். அக்கா ரிசீவரைப் பிடுங்கிக்கொண்டாள். அன்று முழுக்க எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

இப்போது அந்தக் கேசட்டைப் போட்டுப் பார்க்கும் பெட்டி எங்கள் யார் வீட்டிலும் இல்லை. பெரியப்பாவும் இல்லை. பழக்கதோஷம், மூச்சை அடக்கிக்கொண்டு பாப்பாவை மட்டும் எடுத்தேன். துளி ஆட்டமில்லை, திரை முழுக்க அவள்தான். கையை நீட்டி நீட்டித் துழாவினாள். பிடித்து இழுக்க ஒரு மீசை அகப்படவில்லை.