ஸ்ட்ரெச்சர் நுழையாத லிஃப்ட்

கட்டட வேலை நடக்கும் இடத்தில் என் மனைவியை எல்லோரும் 'இன்ஜினியரம்மா' என்பார்கள். அந்த மூன்று மாடி ஆஸ்பத்திரியைக் கட்டிய காலத்தில், சாப்பிட உட்கார்ந்ததுமே அவள் திட்ட ஆரம்பித்துவிடுவாள். கேட்டுக் கேட்டு எனக்கும் ரத்தம் கொதித்தது.

நான் தையல்காரன். அளவெடுப்பதும் நான், வெட்டுவதும் நான், தைப்பதும் நான். சட்டைக் கை குட்டையாகிவிட்டால் வாடிக்கையாளர் என் ஒருவனைத்தான் பிடித்து உலுக்குவார். அங்கே அப்படியா? வரைந்தது ஒரு கம்பெனி, கட்டியது இவள் கம்பெனி, லிஃப்ட் மாட்டியது மூன்றாவது கம்பெனி. ஆளுக்கொரு ஒப்பந்தம். ஒருவரோடு ஒருவர் நேராகப் பேசக் கூடாதாம்; எதுவானாலும் ஆஸ்பத்திரி ஆபீஸ் வழியாகத்தான் போய்வர வேண்டுமாம். நல்ல கூத்து!

லிஃப்டுக்குச் சுவர் எழும்பும்போதே ஸ்ட்ரெச்சர் உள்ளே போகாது என்று இவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆபீஸ் வழியாக வரைபடக்காரருக்கு எழுதிக் கேட்டாள். பதில் இல்லை. மறுபடி கேட்டதற்கு, "வரைபடப்படி கட்டவும்" என்று ஒற்றை வரி வந்தது. இவள் முதலாளியிடம் போய் நின்றாள்.

"நாம கை வெச்சா பழி நம்ம தலையில விழும். அவங்க வரைஞ்ச மாதிரியே கட்டிட்டுப் போம்மா" என்றார் அவர்.

கட்டினார்கள். தப்பு என்று தெரிந்தே, தூக்குக்குண்டு பிடித்து, மட்டம் பார்த்து, அத்தனை ஒழுங்காகத் தப்பைக் கட்டினார்கள். இன்றைக்கும் அங்கே ஆபரேஷன் முடிந்தவர்களை நாலு பேர் படியில் தூக்கிக்கொண்டு இறங்குகிறார்கள். அந்தப் பக்கம் பஸ் போனால் இவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

அதே ஆஸ்பத்திரிக்காரர்கள் பக்கத்துத் தெருவில் இன்னொரு கட்டடம் ஆரம்பித்தார்கள். இந்த முறை வரைவதும் கட்டுவதும் ஒரே ஒப்பந்தம். பழைய வரைபடக்காரரையே இவள் கம்பெனி சேர்த்துக்கொண்டது. இருவருக்கும் ஒரே அறை, எதிரெதிர் மேசை. நான் சாப்பாட்டு டப்பாவைக் கொடுக்கப் போன அன்று, இவள் புது லிஃப்டின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார், இதுலயும் ஸ்ட்ரெச்சர் போகாது."

"அப்படியா? இருங்க."

அவருடைய டீ ஆறுவதற்குள் மாற்றிவிட்டார். அவ்வளவுதான் வேலை! இவள் முகம் சிவந்துவிட்டது.

"இதையேதான் சார் அன்னைக்கும் கேட்டேன்."

"அன்னைக்கு மாத்தியிருந்தா, நாங்க தப்பா வரைஞ்சோம்னு நாங்களே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடுமே."

"சரி, இப்பதான் ஒண்ணா இருக்கோமே. அந்த லிஃப்டை எப்படிச் சரி பண்றதுன்னு ஒரு படம் போட்டுக் குடுங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அது வேற ஒப்பந்தம்மா."

இவள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"வாங்க சார், பக்கத்துத் தெருதானே. தூக்கிட்டு இறங்குறவங்ககிட்ட அதை நீங்களே சொல்லுங்க. தெரிஞ்சே கட்டினவ நான்தான்னு நானும் சொல்றேன்."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு புதுப் படத்தின் மேல் குனிந்தார். இவள் மட்டும் போனாள்.