குணம் அண்ணனின் மரண அறிவித்தலுக்குக் கீழே நடந்த சண்டை

குணம் அண்ணன் போய்விட்டார். நேற்றுக் காலை நாவற்குடா வீட்டில், தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தாராம்...

மட்டக்களப்பு பஸ் ஸ்டாண்ட் பக்கம் கொம்பியூட்டர் கடை வைத்திருந்தாரே, அவர்தான். கலியாணக் காட், பனர், செத்த வீட்டுக்குக் கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ், எல்லாம் அங்கேதான். அந்தக் கடையில் தமிழ் டைப் பண்ணினவள் நான்.

அழுதுகொண்டு எழுத வேண்டிய பதிவு இது. எனக்கு வருவது அழுகை இல்லை, அருவருப்பு.

அவருடைய மரண அறிவித்தலை ஒரு இணையத்தளத்தில் போட்டு, லிங்கை எங்கள் ஊர் குரூப்பில் பகிர்ந்தார்கள். திறந்தால் அண்ணனின் முகத்துக்கு மேலே முகம் வெள்ளையாக்கும் கிறீம் விளம்பரம்!

"சீ, இதென்ன கண்றாவி, அட் ப்ளொக்கர் போட்டுப் பாருங்க" என்று ஒருவர். "விளம்பரத்த மறைக்கிறதும் களவுதான், தளம் நடத்துறவன் என்னத்தத் திண்டு வாழுற?" என்று இன்னொருவர். சவம் அப்போது வீட்டுக்குள்ளேயே கிடந்தது. இவர்கள் அறிவித்தலுக்குக் கீழே பட்டிமன்றம் நடத்தினார்கள்.

அந்த நேரம் வந்து சேர்ந்தார் கனடாவில் இருக்கும் நம்மூர் இஞ்சினியர் தம்பி ஒருவர். பெயரைப் போட்டு என் பக்கத்தை ஊத்தையாக்க மாட்டேன்.

"இங்க வந்து களவப் பத்திக் கதைக்கிறது நல்ல பகிடி. இந்த ஆள்ர கடையில கிடந்த சொஃப்ட்வேர் எல்லாமே களவு. கடைசி வரைக்கும் அடுத்தவன்ட உழைப்பில சாப்பிட்ட மனிசன்."

அதற்குச் சிரிப்புக் குறி வேறு. போட்டவர்களில் பாதிப் பேருடைய கலியாணக் காட் நான் டைப் பண்ணினது.

ஓம், கள்ள சொஃப்ட்வேர்தான். யார் இல்லை என்றது? லைசன்ஸ் விற்கிற கடையும் இல்லை, இணையத்தில் வாங்க எங்களிடம் கிரெடிட் காட்டும் இல்லை. என்றாலும் பிழை பிழைதான். அதை மனிசன் உயிரோடு இருக்கும்போது முகத்துக்கு நேரே சொல்லியிருக்கலாமே, வெட்கங்கெட்டவர்களே!

சுனாமிக்குப் பிறகு கடைக்கு வந்த சனத்திடம் செத்தவர்களின் ஒரு படம்கூட இருக்கவில்லை. சொந்தக்காரர் வீட்டுக் கலியாண அல்பத்தைக் கொண்டுவருவார்கள். ஓரத்தில் அரைவாசி தெரிகிற முகத்தை அண்ணன் வெட்டியெடுத்து, கண்ணைத் திருத்தி, மாலை போட்டு நோட்டீஸ் அடித்துக் கொடுப்பார். அந்தக் கள்ள சொஃப்ட்வேரில்தான்.

அப்படி வாகரை மீனவர் ஒருவருக்கும் அடித்தோம். ஆளைக் காணவில்லை என்று தம்பிக்காரன் வந்து ஓடர் கொடுத்திருந்தார். ஆனால் மனிசன் வேறு மாவட்டத்து ஆஸ்பத்திரியில், பேச முடியாமல் கிடந்திருக்கிறார். சுகமாகி பஸ்ஸால் இறங்கினால், எதிர்ச் சுவரில் தன் முகம், மாலையோடு...

நேரே கடைக்குள் வந்தார். நான் கத்தியே விட்டேன்.

"ஆர்ரா எனக்கு மாலை போட்டது?"

அண்ணன் எழும்பினார். கதிரையை இழுத்துப் போட்டு, "இரிங்க... இரிங்க" என்றார். அந்த மனிசன் நோட்டீஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார், "எண்டாலும் படம் வடிவாத்தான் கிடக்கு. மாலைய எடுத்துட்டு ஒண்டு தா."

எடுத்துக் கொடுத்தார். அன்றிலிருந்து, வீட்டுக்காரர் வாயால் சொல்லாமல் அண்ணன் ஒருவர் படத்துக்கும் மாலை போட்டதில்லை.

மறுகா, அதற்கும் பிறகு, யுத்தம் முடிந்த காலம். தாய்மார் காணாமல் போன பிள்ளையின் அடையாள அட்டைப் படத்தை முந்தானையில் முடிந்துகொண்டு வருவார்கள், பெரிதாக்கித் தரச் சொல்லி.

"மாலை போடுறதா அம்மா... விடுறதா?" என்று அண்ணன் கீழே பார்த்துக்கொண்டு கேட்பார்.

"விடு மனே. அவன் வருவான்" என்றார் ஒரு தாய். அண்ணன் பூஞ்சணம் பிடித்த அந்தப் படத்தில் புள்ளி புள்ளியாகத் துடைத்துக்கொண்டிருந்தார். அன்று முழுக்க அந்த ஒரு படம்தான்.

இன்று செத்த வீட்டில் அவர் மனைவி மலர் அக்கா என் கையைப் பிடித்தார். "தங்கச்சி, அவரக் கள்ளன் எண்டு போன்ல எழுதியிருக்காங்களாம். மகள் பாத்துட்டு அழுறாள். அத அழிக்கச் சொல்லேலாதா?"

அட்மினைக் கேட்டேன். கருத்துச் சுதந்திரமாம்.

இஞ்சினியர் தம்பியின் இன்பொக்ஸுக்கே போனேன். "தம்பி, மகள் பாக்கிறாள். தயவுசெய்து அழிச்சிடுங்க."

உடனே பதில் வந்தது. "அது பொதுவான கருத்து அக்கா, தனிப்பட்ட கோபம் இல்ல. மறுகா ஒரு உதவி. சுனாமியில போன எங்கட அம்மாட படம் குணம் அண்ணன்தான் செய்து தந்தவர். இங்க சுவர்ல மங்கிப் போச்சு. அந்த ஃபைல் எங்கயும் கிடக்குமா?"

தூ.

"முதல்ல கொமெண்ட அழி. அதுக்குப் புறகு படம்" என்று அடித்து, அனுப்ப முதல் அக்காவிடம் காட்டினேன்.

"அப்பிடிக் கேக்காத. தாய்ட படம் தங்கச்சி, அத வச்சிப் பேரம் பேசக் கூடா" என்றார். எழும்பிப்போய் அலுமாரியைத் திறந்து, கடையின் பழைய ஹாட் டிஸ்க்கைத் தானே எடுத்துத் தந்தார். நடு வீட்டில் புருசன் கிடக்கிறார்...

படம் இருந்தது. அனுப்பினேன்.

அடக்கம் முடிந்து வந்து பார்த்தேன். படத்துக்கு ஒரு இதயக் குறி போட்டிருக்கிறார். கொமெண்ட் அப்படியே கிடக்கிறது.

போயிட்டு வாங்க அண்ணன்.